கன்னியப்பன் மாமா மால்டா பார்த்த கதை

என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் வெளிநாடு போயிருக்கிறேன். அந்த ஒரு முறையும் நான் தனியாகப் போகவில்லை என்பது எங்கள் தெருவின் தீர்ப்பு. உத்திரமேரூரில் எங்கள் தெருப்பக்கம் வந்து யாரைக் கேட்டாலும் இரண்டு பேர் போனதாகத்தான் சொல்வார்கள். இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், அந்தக் கதையை முதன்முதலில் ஊருக்குச் சொன்னவனே நான்தான். அதுவும் நடுங்கிக்கொண்டே சொன்னேன்.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு இருபத்தாறு வயது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ரப்பர் கம்பெனியில் வேலை. குழாய்க்குப் போடும் வாஷர், பம்புக்குப் போடும் சீல், இதெல்லாம் செய்வோம். (பெண் பார்க்கப் போன இடங்களில் ‘ஆட்டோமொபைல் லைன்’ என்று சொல்லிக்கொள்வேன்.) கம்பெனி ஒரு புது மெஷின் வாங்கியது. அதைச் செய்தவர்கள் மால்டா என்ற நாட்டில் இருந்தார்கள். யாராவது ஒருவர் அங்கே போய் இரண்டு வாரம் தங்கி அதை ஓட்டக் கற்றுக்கொண்டு வர வேண்டும். மேனேஜர் வீட்டில் மகள் கல்யாணம். சூப்பர்வைசரிடம் பாஸ்போர்ட் இல்லை. என்னிடம் இருந்தது. துபாய் போவதற்காக எடுத்தது. துபாய்க்காரர்கள் என்னை வேண்டாம் என்றுவிட்டதால் கசங்காமல் புத்தம் புதிதாக இருந்தது. அப்படித்தான் நான் தேர்வானேன். ஊரில் ‘திறமை’ என்று சொல்லிவைத்தேன்.

மால்டா எங்கே இருக்கிறது என்று தெருவில் யாருக்கும் தெரியவில்லை. போஸ்ட்மேன் மட்டும் உறுதியாக, “பெங்கால்ல கீது. சென்ட்ரல்ல ரயிலு ஏறுனா நேரா பூடலாம்” என்றார். அது அதே பேரில் இருக்கிற வேறு ஊர். நான் உலக வரைபடத்தை விரித்து, இத்தாலிக்குக் கீழே கடலுக்கு நடுவில் இருந்த புள்ளியை அம்மாவுக்குக் காட்டினேன். அம்மா அதை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

“இது அழுக்குடா” என்றாள்.

திங்கட்கிழமை விமானம். அதற்கு முன்னால் சனிக்கிழமை மத்தியானம் எதிர்வீட்டுக் கன்னியப்பன் மாமா இறந்துபோனார்.

சொந்த மாமா இல்லை. எதிர்வீடு என்பதால் மாமா. ஏரிக்குக் கீழே மூன்று காணி நிலம் வைத்துப் பயிர் செய்தவர். அவர் வாழ்க்கையில் இரண்டு காரியங்களைப் பிடிவாதமாகச் செய்யாமலே இருந்தார். ஒன்று, காஞ்சிபுரத்தைத் தாண்டிப் போனதில்லை. பஸ்ஸில் ஏறினால் வாந்தி வரும். இரண்டாவது, போட்டோ எடுத்துக்கொண்டதில்லை. போட்டோ பிடித்தால் ஆயுள் குறையும் என்று நம்பினார். அவருடைய கல்யாணப் படத்தில் தனபாக்கியம் அத்தை மட்டும் மாலையோடு நிற்பாள்; பக்கத்தில் வாழைமரம் நிற்கும். வாக்காளர் அட்டைக்குப் படம் எடுக்க ஆள் வந்தபோது மாமா வரப்பில் ஓடியதை நானே என் கண்ணால் பார்த்தேன். வயது அறுபதுக்கு மேல், நல்ல வேகம்.

ஆகவே அவருக்கு ஒரு படம் எடுக்க வேண்டுமானால் அவர் ஓட முடியாத அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் வழி. காலையில் அவரைக் குளிப்பாட்டி, வெள்ளை வேட்டி கட்டி, மாலை போட்டு, உள்கூடத்தில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கூடம் இருட்டு. படம் எடுக்க என் சிநேகிதன் அன்வர் வந்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஸ்டுடியோ வைத்திருந்தவன். அத்தை அழுகையை நிறுத்தி அவனிடம் சொன்னாள்:

“அன்வரு, நெறைய எடு. ஒண்ணுலயாவது கண்ணு தொறந்தா மாதிரி வந்தாலும் வரும்.”

அன்வர் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அவன் மறுபேச்சு பேசாமல் மாமாவைத் தனியாகப் பத்துப் பன்னிரண்டு படம் எடுத்தான். பிறகு சொந்தக்காரர்களைப் பின்னால் நிற்க வைத்து எடுத்தான். கூட்டம் குறைவாகத் தெரிந்ததால் என்னையும் ஒரு படத்தில் நிற்கச் சொன்னார்கள். நின்றேன்.

மறுநாள் காலை கேமரா இரவல் வாங்க ஸ்டுடியோவுக்குப் போனேன். அன்வர் ராஜகுளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போயிருந்தான். ‘கேமரா டிராயரில் இருக்கிறது, எடுத்துக்கொள், பிலிம் ரோல் மட்டும் வாங்கிப் போட்டுக்கொள்’ என்று முன்பே சொல்லியிருந்தான். பக்கத்து டீக்கடையில் சாவி வாங்கித் திறந்தேன். டிராயரில் கேமராவும் இருந்தது, ஒரு ரோலும் இருந்தது. ரோலிலிருந்து பிலிமின் நுனி நாக்கு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு, ‘என்னை மாட்டு’ என்பதுபோல் இருந்தது. சிநேகிதன் பொருள்தானே, திரும்பி வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று அதையே மாட்டிக்கொண்டேன்.

மால்டாவில் எனக்கு மெஷின் கற்றுக்கொடுத்தவர் ஜோசப் என்ற ஃபோர்மேன். பேச்சு குறைவு. சிரிப்பு அதைவிடக் குறைவு. முதல் ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருந்தது. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் பழைய காரைக் கொண்டுவந்து நிறுத்தி, “இன்று மெஷின் இல்லை. நாட்டைப் பார்” என்றார். (ஒரு நாளில் பார்த்துவிடக்கூடிய நாடு அது.)

முதலில் கூட்டிப்போனது இம்தினா என்ற கோட்டை ஊர். அதற்குச் ‘சத்தமில்லாத ஊர்’ என்று ஒரு பேர் உண்டாம். நான் ஏதோ விளம்பரத்துக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். உள்ளே போனால் உண்மையாகவே ஒரு சத்தம் இல்லை. நம்மூர்ச் சந்துகளைவிட ஒடுங்கிய சந்துகள். இரண்டு பக்கமும் மஞ்சள் கல் சுவர், உயர உயரமாக. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. ஒரு நாய் இல்லை, ஒரு குழந்தை அழவில்லை, குழம்பு தாளிக்கும் வாசனைகூட இல்லை. காலை வெயிலில் ஓர் ஊர் முழுக்க ஆளில்லாமல் இருந்தால் எப்படியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. ஜோசப் முன்னால் போய்விட்டார். நான் படம் எடுத்துக்கொண்டே பின்னால் போனேன். என் செருப்புச் சத்தம் எனக்குப் பின்னால் வந்தது. நான் நின்றேன். அது இன்னும் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டு நின்றது.

சுவரில் பட்டு எதிரொலிக்கிறது என்று எனக்குத் தெரியும். பி.எஸ்சி. பிசிக்ஸ் படித்தவன். ஆனாலும் ஜோசப்பிடம் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டேன்.

அடுத்தது பக்கத்து ஊரில் நிலத்துக்கு அடியில் இருக்கும் கல்லறைகள். மேலே சாதாரணத் தெரு. வீடு, பால்கனி, காயப்போட்ட துணி. அந்தத் தெருவுக்கு அடியில், பாறையைக் குடைந்து இன்னொரு தெரு. பதினொரு பேராக இறங்கினோம். வாசலில் டிக்கெட் கிழித்த அம்மாள் எண்ணித்தான் விட்டாள். படிகள் வழுக்கின. கீழே போகப் போகக் காற்று கெட்டியானது. பக்கச்சுவர் முழுக்க அலமாரித் தட்டு மாதிரி குடைந்திருந்தார்கள். பெரிய தட்டுகள், அவற்றுக்கு நடுவில் கை நீளத்துக்குச் சின்னச் சின்னத் தட்டுகள். சின்னவை எதற்கு என்று கேட்டேன். “குழந்தைகளுக்கு” என்றார் ஜோசப். அதற்கப்புறம் நான் எதற்கென்று எதையும் கேட்கவில்லை.

எல்லாம் எப்போதோ காலியாகிவிட்ட கல்லறைகள். ஆனால் காலியாக இருப்பதே பயமாக இருந்தது. உள்ளே யாராவது படுத்திருந்தால், சரி, இங்கேதான் இருக்கிறார் என்று தெரியும். காலியாக இருந்தால் எங்கே போனார் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு மூலையில் கல்லிலேயே செதுக்கிய வட்ட மேசை இருந்தது. அதைச் சுற்றிச் சாய்ந்து உட்காரத் திட்டு. இறந்தவர்களின் நாளில் சொந்தக்காரர்கள் இங்கே வந்து உட்கார்ந்து, செத்தவர்களோடு சேர்ந்து சாப்பிடுவார்களாம். எனக்கு ஆச்சரியம். எங்கள் ஊரிலும் உண்டு, படையல் போடுவோம், ஆனால் காகம் வந்து சாப்பிடும் என்று என் இங்கிலீஷில் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவைத்தார். காகம் எங்கள் விருந்தாளி என்று புரிந்துகொண்டாரா, எங்கள் சொந்தக்காரர் என்று புரிந்துகொண்டாரா, தெரியாது.

அந்த மேசையை ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்தேன். மேசைக்குப் பின்னால் இருட்டான மாடம். அதில் பழைய விளக்குக் குழிகளில் இரண்டு சின்ன பல்புகள் மினுக்கிக்கொண்டிருந்தன. ஃபிளாஷ் அணைந்ததும் மூக்கில் சாம்பிராணி வாசனை ஏறியது. சந்தேகமே இல்லை, சாவு வீட்டுச் சாம்பிராணி. ஜோசப்பிடம் சொன்னேன். “மேலே சர்ச் இருக்கிறது” என்றார். சரியான பதில்தான். என் முதுகுக்குத்தான் அது போதவில்லை.

வெளியே வரும்போது அந்த அம்மாள் கதவருகே நின்று மறுபடி எண்ணினாள். சாப்பாட்டு நேரம், பூட்டிவிட்டுப் போக வேண்டும். எண்ணி முடித்து, முகம் சுளித்து, கையிலிருந்த டிக்கெட் துண்டுகளைப் பார்த்தாள். எங்களை மறுபடி வரிசையாக நிறுத்தி எண்ணினாள். பதினொன்று. போகலாம் என்று கையைக் காட்டினாள்.

“என்னவாம்?” என்று ஜோசப்பைக் கேட்டேன்.

“முதலில் எண்ணும்போது பன்னிரண்டு வந்ததாம். அவளுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும்.”

அதற்கப்புறம் மாலைவரை சுற்றினோம். ஒரு பெரிய கும்மட்டச் சர்ச். யுத்தத்தில் குண்டு கூரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே விழுந்தும் வெடிக்கவில்லையாம். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து அதை எடுத்தேன். பிறகு கடலோரத்தில் பெரிய பெரிய கல்லை நட்டு யாரோ எப்போதோ கட்டிய கோயில். அங்கேதான் ஜோசப், “உங்கள் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?” என்று கேட்டார். (ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தேர்தலை எப்படி நடத்த வேண்டும் என்று கல்லில் வெட்டிவைத்த ஊர்க்காரன் நான்.) “ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரு பழைய கோயில். சுவரில் என்னமோ எழுதியிருக்கும்” என்றேன். கடைசியாக மீன்பிடிக்கிற ஊர். அங்கே படகுகளின் மூக்கில் இரண்டு பக்கமும் கண் வரைந்திருந்தார்கள். அத்தனை கண்களும் கரையைப் பார்த்தன. படகுக்கு முன்னால் என்னை நிற்க வைத்து ஜோசப் ஒரு படம் எடுத்தார்.

ஊர் திரும்பியதும் காஞ்சிபுரத்தில் இறங்கி ரோலைக் கலர் லேபில் கழுவக் கொடுத்துவிட்டு வந்தேன். கேமராவை அன்வரிடம் கொடுத்தபோது அவன் முகமே சரியில்லை. “அப்புறம் வாடா, நான் ஒரு பேஜார்ல கீறேன்” என்றான். ரோல் விஷயத்தைச் சொல்ல அது நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நகர்ந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் படம் வாங்கப் போனேன். லேபில் இருந்தவர் கவரை நீட்டிவிட்டு உடனே கையை விடவில்லை.

“அண்ணே, ஒரு மாதிரியா வந்துகீது. எல்லாத்துலயும் ஒருத்தர் கீறாரே, யாரு அவரு?”

ஜோசப்பைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். “நம்ம ஆளுதான். அவர்தான் எல்லாத்தையும் சுத்திக் காட்டினார்” என்றேன்.

அவர் கவரைச் சட்டென்று விட்டார்.

கவரை நான் பிரிக்கவில்லை. தெருவே கூடியிருக்க, நானே ஒவ்வொன்றாக எடுத்து விளக்கம் சொல்லிக் காட்ட வேண்டும் என்று ஆசை. சாயங்காலம் வீட்டுக் கூடம் நிறைந்துவிட்டது. அம்மா, தங்கச்சி செல்வி, அக்கம்பக்கத்தார், போஸ்ட்மேன். தனபாக்கியம் அத்தையும் மகன் சேகரோடு வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கருமாதி முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. வெளுத்துப் போயிருந்தாள்.

முதல் படத்தை, நானே பார்க்காமல், ஸ்டைலாக அம்மாவிடம் நீட்டினேன். “இது சத்தமில்லாத ஊரு. மனுஷனே கெடையாது.”

அம்மா கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். தள்ளிப் பிடித்தாள்.

“மனுஷனே இல்லைன்ற. தோ, யாரோ குந்தினுகீறாரே.”

வாங்கிப் பார்த்தேன். மஞ்சள் சுவர். வெயில் பட்ட இடத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் நிழல் விழுந்த வாசல் வளைவுக்குள் வெள்ளையாக ஒரு வேட்டி. அதற்கு மேலே மாலை. அதற்கு மேலே இருப்பதை நான் பார்க்கவில்லை. அடுத்த படத்தை எடுத்தேன். வேறு சந்து. அதே வேட்டி. அதற்கடுத்தது படியிறங்கும் இடம். வெளிச்சம் குறைந்ததால் இன்னும் தெளிவாக இருந்தார். இருட்டாக ஆக ஆக அவர் கிட்டே வந்துகொண்டிருந்தார். சின்னத் தட்டுகள் இருந்த சுவர். அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். மடியில் வைத்த கையில் விரல்கள்கூடத் தெரிந்தன.

படம் கைமாறிக் கைமாறி நகர்ந்தது. செல்வி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

ஆறாவது படம் அந்த வட்ட மேசை. கன்னியப்பன் மாமா மேசைக்குப் பின்னால், நேராக, மாலையோடு, சாப்பாட்டுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். இரண்டு கண்ணும் திறந்திருந்தன. திறந்திருந்தது மட்டுமில்லை, எரிந்துகொண்டிருந்தன.

நான் கத்தினேன் என்று அம்மா சொல்கிறாள். எனக்கு நினைவில்லை. கவரைத் தூக்கி எறிந்ததும், போஸ்ட்மேன் வாசல்வரை பின்பக்கமாகவே நடந்து போனதும் நினைவிருக்கிறது. அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். பி.எஸ்சி. பிசிக்ஸ் படித்த நான் அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். பின்னால் வந்த காலடிச் சத்தம். சாம்பிராணி. பதினொன்று பன்னிரண்டானது. “மாமா என்கூடவே வந்துட்டாரு” என்று நானே, என் சொந்த வாயால், தெருவுக்குச் சொன்னேன்.

எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்க, அத்தை மட்டும் முன்னால் நகர்ந்து வந்து அந்தப் படத்தை எடுத்தாள்.

“இத்த என்னிக்கு எடுத்த?”

“ஞாயித்துக்கெழம, அத்தை. ரெண்டாவது ஞாயிறு.”

“அது இன்னா எடம்?”

“செத்தவங்களுக்குச் சாப்பாடு வெக்கிற மேசை.”

அத்தை மகனைத் திரும்பிப் பார்த்தாள். சேகர் தலையைக் குனிந்துகொண்டான். பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பதினாறாம் நாள். இங்கே படையல் போட்டு இலையை வைத்துவிட்டு மூன்று மணிவரை காத்திருக்கிறார்கள். ஒரு காகம் வரவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு சேகருக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் மாட்டுக்கு வைத்தார்களாம். என்ன குறை வைத்தேனோ, கோவித்துக்கொண்டு போய்விட்டாரே என்று அன்றிலிருந்து அத்தை சரியாகச் சாப்பிடவில்லை.

“கோவம்லாம் இல்ல” என்றாள் அத்தை, படத்தைப் பார்த்தபடியே. “அங்க சாப்ட போயிகீறாரு.”

அன்று இரவு அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை.

மறுநாள் காலை அம்மா என்னை எல்லையம்மன் கோயில் பூசாரியிடம் இழுத்துப் போனாள். அவர் என் நாடியைப் பிடித்துப் பார்த்து, “எங்க புடிச்சது?” என்று கேட்டார்.

“மால்டாவுல.”

“பெங்கால்ல கீதே, அதுவா?”

“இல்லீங்க. கடல் தாண்டி.”

கடல் தாண்டியது என்றதும் அவர் மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்று எலுமிச்சம்பழம் போதாது, இருபத்தொன்று வேண்டும் என்றார். வேப்பிலைத் தண்ணீரை என் தலையில் மூன்று குடம் ஊற்றி, ஈர வேட்டியோடு முச்சந்திக்குக் கூட்டிவந்து நிறுத்தினார். நான் உரக்கச் சொல்ல வேண்டிய வாசகத்தையும் சொல்லிக்கொடுத்தார். நான் சொன்னேன்:

“மாமா, நான் உங்கள இட்டுகினு போவல. நீங்களா வந்தீங்க. நீங்களா போயிடுங்க.”

“சத்தமா” என்றார் பூசாரி.

எதிரே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். காலை வகுப்பு விட்ட நேரம். அந்தப் பெண்களில் ஒருத்தியை நான் ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று முதன்முதலாக அவள் என்னைப் பார்த்தாள்.

மூன்றாவது முறை கத்திக்கொண்டிருந்தபோது அன்வர் சைக்கிளில் வந்து இறங்கினான். கண் சிவந்திருந்தது. மாமா மால்டா போட்டோவில் வந்த செய்தி பஸ் ஸ்டாண்டுவரை போயிருந்தது.

“படம் எங்கடா?”

அம்மா மடியிலிருந்து கவரை எடுத்துக் கொடுத்தாள். அவன் அங்கேயே மைல்கல் மேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். மேசைப் படத்தில் கொஞ்சம் நின்றான். பிறகு வேகமாகப் புரட்டினான். கும்மட்டச் சர்ச்சில் மாமா படுத்தபடி அந்தரத்தில் மிதந்தார். கல் கோயிலில் அவருக்குப் பின்னால் இன்னும் பல பேர் நின்றார்கள், எல்லோரும் அழுதுகொண்டு. நாங்கள் அந்தப் படங்களை இன்னும் பார்த்திருக்கவே இல்லை.

படகுப் படத்தில் அன்வர் நிறுத்தினான். என்னிடம் காட்டினான். கண் வரைந்த படகுக்கு முன்னால் ஸ்வெட்டர் போட்டு நான் சிரித்துக்கொண்டு நின்றேன். என் தோளுக்குப் பக்கத்தில், மாமாவின் நாற்காலிக்குப் பின்னால், லுங்கியும் கலைந்த தலையுமாக இன்னொரு நான் நின்றேன். அந்த நான் சிரிக்கவில்லை.

என்னையே நான் அப்படிப் பார்த்த அந்த ஒரு நிமிஷம் எதிரிக்கும் வரக் கூடாது. நானும் செத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

“டிராயர்ல இருந்த ரோலயா போட்ட?” என்றான் அன்வர். மிக மெதுவாகக் கேட்டான்.

“ஆமா. புதுசுதானே அது?”

எடுத்து முடித்த ரோலின் நாக்கை அடையாளத்துக்காக அவன் எப்போதும் மடித்துவைப்பான். சாவு வீட்டு அவசரத்தில் அன்று மடிக்கவில்லை. ரோலைப் பையில் போட்டுக்கொண்டு போய் பஸ்ஸில் தொலைத்துவிட்டதாகவே நம்பியிருக்கிறான். டெப்போவில் போய் சீட்டுக்கடியிலெல்லாம் தேடியிருக்கிறான். இருந்த ஒரே படத்தையும் தொலைத்துவிட்டாயே என்று சேகர் ஸ்டுடியோ வாசலில் வந்து சட்டையைப் பிடித்திருக்கிறான். அந்த மனுஷன் வாழ்நாள் முழுக்க ஓடி ஓடித் தப்பித்து, செத்த பிறகு ஒரு தடவை உட்கார்ந்தார். அந்த ஒரு தடவையின் மேல் நான் மால்டாவை ஏற்றி எடுத்துக்கொண்டு வந்திருந்தேன்.

அன்வர் இருபத்தொரு எலுமிச்சம்பழத்தில் ஒன்றை எடுத்து என் நெற்றியைக் குறிபார்த்து எறிந்தான். குறி தப்பவில்லை. பூசாரி தடுக்கவில்லை. அதுவும் பரிகாரத்தில் சேரும் என்று நினைத்திருப்பார்.

இனி அத்தையிடம் சொல்ல வேண்டும். அதுதான் கஷ்டம். நாலு நாளுக்கப்புறம் முந்தின ராத்திரிதான் அவள் சாப்பிட்டிருந்தாள். அந்த ஆறுதலையும் நான் போய்ப் பிடுங்க வேண்டும். சொல்லாமலே இருந்துவிடலாம் என்றேன். “என் பேரு கெட்டு கீது, நைனா. நீ சொல்ற” என்று அன்வர் என்னை முன்னால் தள்ளினான்.

அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஒரே பிலிமில் இரண்டு தடவை படம் விழுந்ததை நான் திக்கித் திக்கிச் சொன்னேன். விளக்குக் குழி பல்பு இரண்டும் கண் இருந்த இடத்தில் விழுந்ததை அன்வர் சொன்னான். நான் செய்தது திருட்டு என்பதையும் நானே சொன்னேன். அவள் புடைப்பதை நிறுத்தாமல் கேட்டாள். முடித்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

“சரி. ஒண்ணு மேல ஒண்ணு வுழுந்துகீது. அது மெஷின் வேல, புரியுது. ஆனா முப்பத்தாறு படத்துல, சாப்பாட்டு மேசைல மட்டும் கரீட்டா கண்ணு தொறந்துகினு ஏன்டா குந்துனாரு?”

நான் அன்வரைப் பார்த்தேன். அன்வர் என்னைப் பார்த்தான்.

“காக்கா ஏன் வரல? அந்தம்மா ஏன் பன்னெண்டுன்னு எண்ணுனா? அதுக்கும் மெஷினா?”

அத்தை திட்டவில்லை. மேசைப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தரச் சொன்னாள். மேசையை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் எடுத்துத் தருகிறேன் என்று அன்வர் சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டாள். “சாப்டுகினு கீற மனுஷன எழுப்பக் கூடாது” என்றாள். கல் மேசையும் மாலையும் எரியும் கண்களுமாக மாமா அந்த வீட்டுக் கூடத்தில் மாட்டப்பட்டார். ஆறு மணிக்கு மேல் அந்தக் கூடத்துக்குள் நான் போகமாட்டேன்.

மூன்று நான்கு வருஷம் கழித்து சேகருக்குப் பெண் தேடினார்கள். திருப்புட்குழியிலிருந்து ஒரு பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். தெருவில் பேண்ட் போட்டவன் என்ற முறையில் என்னையும் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா காபியைக் குடித்துக்கொண்டே சுவரைப் பார்த்தார். எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார்.

“இது நம்ம பக்கம் இல்லியே. பெரியவரு ஃபாரின்ல இருந்தாருங்களா?”

அத்தை கொஞ்சமும் தடுமாறவில்லை.

“இருந்தாருன்னு சொல்ல முடியாது. போயிட்டு வந்தாரு. தோ, இந்தப் புள்ளதான் இட்டுகினு போச்சு.”

அவர் டம்ளரை வைத்துவிட்டு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “பெரியவங்கள இட்டுகினு போறதுக்கு ஒரு மனசு வேணும் தம்பி. எம் புள்ளைங்க என்னைய காஞ்சிபுரத்துக்கே இட்டுகினு போவ மாட்டேன்றானுங்க” என்றார். கண் கலங்கிவிட்டது. சம்பந்தம் அன்றைக்கே முடிவானது. பெண் கொடுக்கச் சம்மதம் சொல்லிவிட்டு, வாசலில் செருப்பை மாட்டும்போது அவர் மறுபடி என் தோளைத் தொட்டார்.

“அடுத்த தபா போ சொல்ல, என்னயும் இட்டுகினு போ தம்பி.”

எனக்குப் பின்னால் சேகர் முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினான். அம்மா இருமினாள், ரொம்ப நேரம்.

அவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. உண்மையை அவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. பேரப்பிள்ளைகளைப் பார்க்க வரும்போதெல்லாம் எதிர்வீட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டு, எப்போது போகலாம் என்று கேட்கிறார். பாஸ்போர்ட்டும் எடுத்து வைத்துவிட்டாராம். எங்கள் வீட்டில் எல்லோரும் ஜன்னலோரம் வந்து நின்று, நான் என்ன பதில் சொல்கிறேன் என்று கேட்கிறார்கள்.